வைஃபை மகாத்மியமும் எட்டுக் கம்பி வயரும்

தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கம் இப்போ புதுசா எழும்புற வீடு எதுலயாவது போய்ப் பாருங்க. ஏசிக்குக் குழாய், இன்வர்ட்டருக்குக் குழாய், கேபிள் டிவிக்குக் குழாய், சாமி ரூம்ல தொங்கப்போற விளக்குக்குக்கூட தனியா ஒரு குழாய். எல்லாம் சரி. ரூமுக்கு ரூம் லேன் கேபிள் போறதுக்கு ஒரே ஒரு குழாய் இருக்கானு கேளுங்க. எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி நம்மளை ஒரு மாதிரியா பாப்பாரு. "இப்ப யாரு தம்பி வயரு போடுதா? அதான் எல்லாம் வைஃபையில வருதே." வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னு தலையாட்டுவாரு.

இந்த "அதான் வைஃபை இருக்கே" கோஷ்டிக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு அனுப்பவும் :-)

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிடுறேன். யூடியூப் பாக்குறது, வாட்சப்ல குட் மார்னிங் அனுப்புறது, ஆபீஸ் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கிறது, இதுக்கெல்லாம் வைஃபை தாராளம். வெளியில இருந்து வர்ற இன்டர்நெட்டே நூறு மெகாபிட் தான்னா வீட்டுக்குள்ள ஆயிரம் இருந்து என்ன பிரயோசனம்? நான் சொல்ல வர்றது வீட்டுக்குள்ளயே ஒரு மிஷின்ல இருந்து இன்னொரு மிஷினுக்குப் பெரிய ஃபைல் போற கதை. லேப்டாப்ல இருந்து பேக்கப் டிஸ்குக்கு. கேமரா கார்டுல இருந்து எடிட்டிங் மிஷினுக்கு. இந்த இடத்துலதான் வைஃபை கோஷ்டி ஜல்லி அடிக்குது.

அவங்களோட முதல் ஆயுதம் ரவுட்டர் பெட்டி மேல போட்டிருக்குற நம்பர். "அண்ணே, ஏஎக்ஸ்3000 போட்டிருக்கான், மூவாயிரம் மெகாபிட்! உங்க வயரு வெறும் ஆயிரம் தானே?" கேக்கும்போது நமக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடும். அந்த மூவாயிரம் எப்படி வந்துச்சு தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 574, 5 கிகாஹெர்ட்ஸ்ல 2402, ரெண்டையும் கூட்டி, 2976 வருதா, அதை மேல தூக்கி மூவாயிரம் ஆக்கியிருக்கான். பலசரக்குக் கடையில 2976 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மூவாயிரம்னு பில் போட விடுவீங்களா? சாதாரண லேப்டாப் ஒரு நேரத்துல ஒரு அலைவரிசையிலதான் பேசும். அப்போ 574 போச்சு. மிச்சம் இருக்குற 2402 வரணும்னா ரெண்டு பக்கமும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல பேசணும். நிறைய போன், லேப்டாப் எல்லாம் 80 வரைக்கும்தான். பாதியா வெட்டினா 1201. இதுவும் காத்துல போற மொத்த வேகம்தான். தலைப்பு, ஒப்புகை, காத்திருப்பு, மறு அனுப்பல் எல்லாம் போக, நம்ம ஃபைலுக்குக் கிடைக்கிறது அதுல பாதியில இருந்து அறுபது எழுபது சதவீதம். அதுவும் ரவுட்டர் பக்கத்துல உக்காந்து மடியில வச்சுக் கொஞ்சினா.

இதைவிடக் காமெடி, இந்த மூவாயிரம் ரவுட்டர் பலதுக்கும் பின்னாடி இருக்குற லேன் போர்ட் எல்லாம் ஆயிரம் தான். பேக்கப் டிஸ்க் அந்தப் போர்ட்லதானே மாட்டியிருக்கு? அப்புறம் காத்துல எத்தனை ஆயிரம் வந்து என்ன?

வயர்ல ஆயிரம்னா ஃபைலுக்குக் கிடைக்கிறது 940 மெகாபிட். செகண்டுக்கு நூத்திப் பதினேழு மெகாபைட் வரைக்கும். போற பக்கம் ஆயிரம், வர்ற பக்கம் ஆயிரம், ரெண்டும் ஒரே நேரத்துல. காத்துல அப்படி இல்ல. செங்கோட்டை - புனலூர் பாதை மாதிரி ஒத்தைத் தண்டவாளம். எதிர்ல வண்டி வந்தா இது நிக்கணும். ரெண்டு லேப்டாப்பும் வைஃபையில இருந்தா இன்னும் மோசம். முதல் லேப்டாப் ரவுட்டருக்குச் சொல்லணும், ரவுட்டர் அதையே திரும்ப ரெண்டாவது லேப்டாப்புக்குச் சொல்லணும். ஒரே ஃபைல் ஒரே காத்துல ரெண்டு தடவை போகுது. வேகம் பாதி. இது பெட்டி மேல எங்கயாவது போட்டிருக்கா? தேடிப் பாத்துட்டேன், இல்ல.

இதுல ஒரு சின்ன சரித்திரக் கொசுவத்தி. கம்பியில்லாமப் பேசுற நெட்வொர்க்கை 1971ல ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் ஆப்ரம்சன் குழு ஓட்டிக் காட்டுச்சு. பேரு அலோஹாநெட். யாருக்கு எப்போ தோணுதோ அப்போ பேசலாம், ரெண்டு பேரு ஒண்ணாப் பேசி முட்டிக்கிட்டா கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பேசணும். அந்த முறையில மொத்தக் கொள்ளளவுல பதினெட்டு சதவீதத்துக்கு மேல தேறாதுனு கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. அதுல இருந்து யோசனை எடுத்துத்தான் 1973ல ஜெராக்ஸ் பார்க்ல பாப் மெட்காஃப் ஈதர்நெட்டை ஆரம்பிச்சாரு. ஆரம்பத்துல அதுவும் எல்லாரும் ஒரே கேபிள்ல முட்டி மோதுற கதைதான். அப்புறம் ஸ்விட்ச் வந்து, ஆளுக்கு ஒரு வயர், போக வர தனித்தனி ஜோடினு ஆனதும் முட்டல் பிரச்னையே ஒழிஞ்சு போச்சு. அதாவது காத்துல இருந்த தொல்லையை வயர் தீர்த்து வச்சது. நாம என்னடான்னா "வயர் பழசு, வைஃபை புதுசு"னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

சரி, பங்கு போடுற விஷயத்துக்கு வருவோம். சீசன்ல குற்றாலம் பேரருவிக்குப் போயிருப்பீங்க. தண்ணி என்னவோ ஆகாசத்துல இருந்து கொட்டுது. ஆனா கூட்டத்துல முறை போட்டுத்தான் உள்ள போகணும். போலீஸ்காரர் விசில் அடிச்சா வெளிய வரணும். நடுவுல ஒரு தாத்தா நிதானமா எண்ணெய் தேச்சுக்கிட்டு நின்னாருன்னா பின்னாடி இருக்குற அத்தனை பேரும் காத்துக்கிட்டுக் கிடக்கணும். வைஃபை இதேதான். வீட்டுல ஒரு மூலையில கிடக்குற பழைய போன், ஆறு மெகாபிட் வேகத்துல ஏதோ அப்டேட் இறக்கிக்கிட்டு இருந்தா, அது பேசி முடிக்கிற வரைக்கும் உங்க புத்தம்புது லேப்டாப் வாயை மூடிக்கிட்டு நிக்கணும். வீட்டு ஆளுங்க மட்டும் இல்ல, பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனல்ல இருந்தா அதுக்கும் சேர்த்து. 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணே மூணு. சாரல் காலத்துல ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ் ரூம்ல உக்காந்து வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. லாட்ஜ் ரவுட்டர் பத்து, வந்தவங்க ஹாட்ஸ்பாட் இருபதுனு ஓடிக்கிட்டே இருக்கும். அத்தனையும் மூணு சேனலுக்குள்ள.

வயர்னா வீட்டுக் கொல்லையில சொந்தக் கிணறு. யாரையும் கேக்க வேண்டாம்.

சுவரைப் பத்தி யாருமே பேசறதில்ல. மேல்நாட்டு வீட்டுல பலகையும் ஜிப்சமும் வச்சுத் தடுத்திருப்பாங்க, அங்க எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டை இங்க தூக்கிட்டு வந்து காட்டுறாங்க. எங்க வீடு தென்காசியில பழைய காலத்து வீடு. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல்னு தெருவுல இருந்து பின்னாடி வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளும். செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின சுவர், ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி கனம். ஃபைபர் கனெக்‌ஷன் தெருப் பக்கமா வந்ததால ரவுட்டர் தார்சாவுல. ஐபெர்ஃப்3 ஓட்டிப் பாத்தேன். தார்சாவுலயே உக்காந்தா 560 மெகாபிட். ஒரு சுவர் தாண்டிப் பட்டாசல்ல 310. ரெண்டாங்கட்டுல 90. அடுக்களைக்குப் போனா 5 கிகாஹெர்ட்ஸ் காணாமப் போய் 2.4க்கு இறங்கி 22. அம்மா அந்த நேரம் மைக்ரோவேவ்ல காபி சூடு பண்ணினா அதுவும் போச்சு, ஏன்னா அடுப்பும் 2.45ல தான் ஓடுது.

அப்புறம் கேட்-6 கேபிளை இழுத்துட்டு அதே டெஸ்ட். தார்சாவுல 940. ரெண்டாங்கட்டுல 940. அடுக்களையில, தோசைக்கல்லுக்குப் பக்கத்துல, 940. வயருக்குச் சுவர்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது.

புது வீடுன்னா சுவர் மெல்லிசு தானேன்னு கேக்கலாம். மெல்லிசு தான். ஆனா மச்சுக்கும் கீழுக்கும் நடுவுல கம்பி கட்டின கான்கிரீட் தளம் இருக்கே. போதாக்குறைக்கு இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி. அலைவரிசை ஏற ஏற சுவரைப் பாத்துப் பயமும் ஏறும். அதனால "வைஃபை 7 வந்துடுச்சே"ங்கிறவங்களுக்கும் இதே பதில்தான். புதுசு புதுசா ஏறுற வேகம் எல்லாம் ரவுட்டர் இருக்குற ரூமுக்குள்ளதான் முழுசா கிடைக்கும்.

(நடுவுல ஒரு உபரித் தகவல். "சாரல் அடிச்சா வைஃபை படுத்துடும்"னு நம்ம ஊர்ல பலமா ஒரு நம்பிக்கை இருக்கு. வீட்டுக்குள்ள பத்து இருபதடி தூரத்துக்குக் காத்துல இருக்குற ஈரம் ஒண்ணும் பண்ணாது. படுக்குறது பெரும்பாலும் கரண்ட், இல்லாட்டி வெளியில மரக்கிளை விழுந்த லைன். நான் வைஃபையைத் திட்டுறதுக்காக அது செய்யாத குத்தத்தையும் அது தலையில கட்ட மாட்டேன்.)

"சரி வே, மெதுவாப் போனா போகட்டும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கினா காலையில முடிஞ்சிருக்கும்" - இந்த வசனத்தைத்தான் நான் ரொம்ப வெறுக்கிறேன். காரணம் சொல்றேன்.

எனக்கு அத்தான் முறை ஒருத்தர் இங்க வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்காரு. கீழ கடை, மாடியில எடிட்டிங். நடுவுல வைஃபை. ஆவணி முகூர்த்தம், அடுத்தடுத்து ரெண்டு கல்யாணம். முதல் கல்யாணத்து 4கே ஃபைல் மூணு கார்டுல மொத்தம் 300 ஜிபி. ராத்திரி பத்து மணிக்குக் காப்பி போட்டுட்டுப் போயிட்டாங்க. கணக்குப் பாருங்க, 90 மெகாபிட்னா செகண்டுக்குப் பதினொரு மெகாபைட், 300 ஜிபிக்கு ஏழரை மணி நேரம். மூணு மணி வாக்குல கரண்ட் போச்சு. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்துச்சு, மாடி ரவுட்டருக்கு இல்ல. காப்பி அந்தரத்துல நின்னுடுச்சு. அஞ்சு மணிக்கு அசிஸ்டெண்ட் பையன் வந்து பாத்தான். கார்டு 1, கார்டு 2, கார்டு 3னு முன்னாடியே போட்டு வச்ச ஃபோல்டர் மூணும் இருந்துச்சு, திறந்தா உள்ள ஃபைலும் இருந்துச்சு. ஆறு மணிக்குக் குற்றாலத்துல அடுத்த முகூர்த்தம். மூணு கார்டையும் ஃபார்மேட் பண்ணிக் கேமராவுல போட்டுட்டுக் கிளம்பிட்டான். மூணாவது கார்டுல பின்பாதி வந்து சேரவே இல்ல. அதுலதான் தாலி கட்டு. பக்கத்துல நின்னு எடுத்த கேமரா அது ஒண்ணுதான். இன்னொரு கேமராவுல தெரியுறது பூரா அட்சதை போட எந்திரிச்ச சொந்தக்காரங்க முதுகு.

அந்தப் பொண்ணோட அப்பா ஸ்டூடியோ வாசல்ல வந்து நின்னதை நான் பாத்தேன். சத்தம் கூடப் போடல. "திரும்ப எடுக்க முடியாதுல்லா தம்பி"னு மட்டும் சொன்னாரு.

பையன் சரிபார்க்காதது தப்பு, ரவுட்டருக்கு யூபிஎஸ் இல்லாதது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா சரிபாக்குறதுன்னா என்ன? போய்ச் சேர்ந்த 300 ஜிபியைத் திரும்ப முழுசா வாசிச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். அதே வைஃபையில அதுக்கு இன்னொரு ஏழரை மணி நேரம். ரெண்டு முகூர்த்தத்துக்கு நடுவுல எவன் பண்ணுவான்? வயர்ல அதே 300 ஜிபி முக்கால் மணி நேரம். ஒப்பிட இன்னொரு முக்கால் மணி. கடையை அடைக்கிறதுக்கு முன்னாடி, ஆள் முழிச்சிருக்கும்போதே, ரெண்டும் முடிஞ்சிருக்கும். வேகம் ஆடம்பரத்துக்கு இல்ல மக்களே. மெதுவா இருக்குற வேலையை மனுஷன் அரைகுறையாத்தான் செய்வான், இல்லாட்டி செய்யவே மாட்டான். நம்ம வீடுகள்ல பேக்கப் எடுக்காம பத்து வருஷப் போட்டோ ஒரே லேப்டாப்ல தூங்குதே, ஏன்? "காப்பி ஆக ரொம்ப நேரம் ஆகுது"ங்கிற ஒரு காரணத்தை எத்தனை பேரு வாயால கேட்டிருப்பேன்!

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடணும், இல்லாட்டி பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. வயர் தோத்துப் போற இடம் உண்டு. இன்டர்நெட்காரங்க கொடுக்குற மலிவு ரவுட்டர் சிலதுல லேன் போர்ட்டே நூறு மெகாபிட்தான். அதுல வயர் போட்டா செகண்டுக்குப் பதினொன்னரை மெகாபைட் தாண்டாது, பக்கத்துல உக்காந்த வைஃபை அதை ஈஸியா ஜெயிக்கும். அதைக் காட்டி "பாத்தியா, வயர் மொக்கை"ங்கிறாங்க. மொக்கை அந்தப் போர்ட். ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி நம்ம மிஷினை எல்லாம் அதுல மாட்டுங்க, வீட்டுக்குள்ள போற ஃபைல் ரவுட்டர் பக்கமே போகாது.

இன்னொண்ணு, கேபிள். நூறு மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், 1999லயே தரம் வகுத்தாச்சு. லைன் போட வர்ற பசங்க சில பேரு நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் பண்ணிட்டுப் போயிடுவாங்க. எட்டுல ஒரு கம்பி அறுந்தாலும் ரெண்டு பக்கமும் சத்தமில்லாம நூறுக்கு இறங்கிட வாய்ப்பு உண்டு, யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் கடையில கேட்-6னு போட்டு விக்கிற சரக்குல பாதி அலுமினியம், மேல செம்பு முலாம். வாங்கினதும் ஒரு கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா கடைக்காரர்கிட்டயே கொடுத்துடுங்க. நல்ல செம்பு கேட்-5இ போதும், நூறு மீட்டருக்கு ஜிகாபிட் தாங்கும். தென்காசியில யாரு வீடு நூறு மீட்டர் நீளம்?

"மெஷ் போட்டா எல்லாம் சரியாயிடும்"ங்கிறது அடுத்த ஜல்லி. மெஷ்னா என்ன? ரவுட்டர் சொல்றதை இன்னொரு டப்பா கேட்டுத் திரும்பச் சொல்றது. அந்த ரெண்டு டப்பாவும் காத்துலயே பேசிக்கிட்டா நம்ம ஒத்தைத் தண்டவாளக் கதை மறுபடியும். தனி அலைவரிசை ஒதுக்கின விலை கூடின மெஷ் கொஞ்சம் சமாளிக்கும், ஆனா அதே சுவரைத் தாண்டித்தானே அதுவும் போகணும்? அதே டப்பாவை வயர்ல கட்டிப் பாருங்க, எங்க போனாலும் பிரமாதமா இருக்கும். நல்ல வைஃபை வேணும்னா கூட அடியில வயர் வேணும்ங்கிறதை மெஷ் விக்கிறவன் மட்டும் சொல்ல மாட்டான்.

அதனாலதான் வீடு கட்டுறவங்ககிட்ட சண்டைக்கு நிக்கிறேன். ரவுட்டர் மாறும், போன் மாறும். பூச்சு பூசின சுவரை மட்டும் எந்த வீட்டம்மாவும் திரும்ப உடைக்க விட மாட்டாங்க. தளம் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு முக்கால் இஞ்சுக் குழாய், எல்லாம் ஒரே இடத்துல வந்து சேர்ற மாதிரி, கரண்ட் குழாயோட சேர்க்காம தனியா. வளைவு எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்லது. உள்ள கேபிள் இப்போவே போடணும்னுகூட இல்ல, ஒரு இழுவைக் கம்பியை விட்டு வையுங்க. நாளைக்குக் கண்ணாடி இழை வேணும்னாலும் அதே குழாயில போகும். சாமி ரூம் விளக்குக்குக் கொடுத்த மரியாதையில பாதி போதும்.

வெளியில, ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு கேபிளைத் தொங்க விடாதீங்க. ஐப்பசி இடிக்கு ரெண்டு பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்து செத்துப் போகும். அங்க ஃபைபர்தான். குற்றாலம் பக்கம்னா குழாய்க்குள்ள விடாத எந்தக் கேபிளும் குரங்குக்கு ஊஞ்சல்.

வீடு கட்டி முடிச்சவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. டிஷ், கேபிள் டிவி எல்லாம் போய் மொபைல்லயே படம் பாக்குற வீடுகள்ல அந்தப் பழைய டிவி கேபிள் குழாய் சும்மாதான் கிடக்கு. தட்டட்டியில இருந்து ஹால் வரைக்கும், சில வீட்டுல படுக்கை ரூம் வரைக்கும். பழைய கேபிளோட நுனியில புதுக் கேபிளை டேப் சுத்தி இறுக்கிக் கட்டி இழுங்க. மேல ஒருத்தர் தள்ளிக் கொடுக்கணும், கீழ ஒருத்தர் இழுக்கணும். வளைவுல சிக்கினா பலமா இழுக்காம கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி இழுங்க, வந்துடும்.